சாரணத் தலைவர்க்கு ஒரு நாட் பயிற்சி

உழைத்து வாழ்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு செல்வம். வார நாள்களெல்லாம் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் கொடுத்த உடலையும் உள்ளத்தையும் அன்றுதான் அவன் தன் மனைவி மக்களுக்குக் கொடுக்கின்றான். அந்த ஒரு நாளையும் ஊரார் பிள்ளைகளின் பொருட்டு ஈந்துவிட்டு, அதற்கென ஒரு சதமும் பெறாது, சாரணச் சீருடையும் கழுத்தைச் சுற்றிய முக்கோணத் துணியுமாகப் புறப்படும் ஒருவரை வாசகர்கள் தத்தம் ஊரிலே கண்டிருப்பார்கள். அவரே சாரணத் தலைவர். அவர் ஓர் ஆசிரியராக இருக்கலாம். இலிகிதராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ கமக்காரராகவோ இருக்கலாம். குருளைச் சாரணரை வழிநடத்தும் ஒரு பெண்மணியாகவும் இருக்கலாம். யாராயினும் அவர் தம் விருப்பத்தின் பேரில் வந்தவர். விருப்பம் தளர்ந்தால் போய்விடவும் கூடியவர்.

இத்தகைய தொண்டர்களை ஆண்டில் ஓரிரு முறையாவது ஒன்றுகூட்டி ஒரு நாட் பயிற்சி அளிப்பது சாரண இயக்கத்தின் நெடுநாள் வழக்கம். அந்த நாள் நன்கமைந்தால் தலைவர் புத்துணர்வு பெற்றுத் தம் பிள்ளைகளிடம் திரும்புகின்றார். நன்கமையாவிடின் அடுத்த அழைப்புக் கடிதம் மேசையின் மூலையிலே கிடந்து மங்குகின்றது. சில மாதங்களிலே அந்தத் துருப்பும் மங்குகின்றது. இருபது முப்பது சிறுவர்களின் மாலைப் பொழுது வெறுமையாகின்றது. ஒரு பயிற்சி நாளை எவ்வாறு திட்டமிடுவது என்னும் கேள்வி வெறும் நிருவாகக் கேள்வியன்று. அதன் முடிவிலே பிள்ளைகள் நிற்கின்றார்கள். ஆகவே, இது பெற்றோரும் மாணவரும் கூட அறிந்திருக்கத் தக்க விடயம் என்பது நமது எண்ணம்.

வந்த வரலாறு

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிறவுன்சீ என்னும் சிறு தீவிலே பேடன் பவல் ஒரு பாசறை அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக ஏறக்குறைய இருபது சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிந்து அங்கே கூடி வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு, 1908இல், அவர் எழுதிய சாரண நூல் இரு வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆறு பகுதிகளில் வெளிவந்தது. அதனை வாங்கிய சிறுவர்கள் பெரியவர் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாமே அணிகளை அமைத்துக்கொண்டு, பின்னரே தமக்கொரு தலைவரைத் தேடிப் புறப்பட்டனர். 1909 செப்டெம்பரில் இலண்டன் பளிங்கு மாளிகைத் திடலில் நடந்த கூட்டத்துக்குப் பத்தாயிரம் சிறுவர்கள் வரை திரண்டனர்.

பிள்ளைகள் திரண்டுவிட்டனர், வழிகாட்டும் பெரியவர்களோ போதவில்லை. வந்தவர்களுக்கும் மனம் இருந்தது, முறை தெரியவில்லை. பட்டாள அனுபவம் உடையவர் பிள்ளைகளை அணிநடை பழக்கினார். பள்ளியாசிரியரோ வகுப்பறையைப் புல்வெளிக்கு மாற்றினார். இரண்டும் சாரணீயம் அல்ல என்பதைப் பேடன் பவல் கண்டார். தலைவர்களுக்கான பயிற்சி முகாம்கள் சில தொடக்க காலத்திலேயே நடந்தனவாயினும், நிலையான ஒரு களம் 1919இலேயே கிடைத்தது. மக்லாரன் என்னும் ஸ்கொத்லாந்துப் பெருமகன் கொடுத்த பணத்தைக் கொண்டு, இலண்டன் மாநகருக்கு அருகே எப்பிங் காட்டின் ஓரத்திலுள்ள கில்வெல் பூங்கா வாங்கப்பட்டது. 1919 ஜூலை 26ஆந் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி முதலாவது பயிற்சிப் பாசறை அங்கே தொடங்கியது. அதனை நடத்தியவர் பிரான்சிஸ் கிட்னி என்பவர்.

பயிற்சியை நிறைவேற்றியோருக்குப் பட்டமோ பத்திரமோ பெரிதாக வழங்கப்படவில்லை. தோல் நாடாவிலே கோத்த இரண்டு சிறு மரமணிகள் வழங்கப்பட்டன. ஸூலு மன்னன் டினிஸுலுவின் மாலை ஒன்றிலிருந்து முதல் மணிகள் எடுக்கப்பட்டன என்பது வழிவழிச் செய்தி. அந்த மாலை பேடன் பவலின் கைக்கு வந்த வரலாறு பற்றி ஆராய்ச்சியாளரிடையே இன்று கருத்து வேறுபாடு உண்டு. மணிகளின் பெயரால் வழங்கும் அந்தப் பயிற்சியே வுட் பாட்ஜ் என்றும் தமிழில் தருசின்னம் என்றும் அழைக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் நடைபெறுகின்றது. நம் நாட்டிலே 1912ஆம் ஆண்டு மாத்தளையில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் முதலாவது துருப்பைத் தொடங்கினார். 2012இல் நூறாண்டு கண்ட இலங்கைச் சாரண இயக்கத்துக்கும் தருசின்னப் பயிற்சி புதியதன்று.

கில்வெல்லின் புதுமை அதன் பாடத்திட்டத்திலே இருக்கவில்லை, முறையிலே இருந்தது. பயில வந்த வளர்ந்தோரும் சிறுவரைப் போலவே அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். தாமே கூடாரம் அடித்தனர், தாமே சமைத்தனர், ஒருவர் பின் ஒருவராக அணித் தலைவராகவும் இருந்து பார்த்தனர். பிள்ளைக்குக் கொடுக்கப் போவதைத் தாம் முதலில் நுகர்ந்து பார்க்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் நம்மவர் பழமொழியை அவர்கள் அறியாமலே கைக்கொண்டனர் எனலாம். ஒரு நாட் பயிற்சியாயினும் பத்து நாட் பாசறையாயினும் இந்த உட்கருத்தை விட்டு விலகினால் பயன் குன்றும்.

வளர்ந்தோர் கற்கும் விதம்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பயிற்சி நாளிலே பார்வையாளராக இருந்தோம். ஊரையும் நடத்தியோரையும் இங்கே குறிப்பிட வேண்டுவதில்லை. காலை எட்டரை மணிக்குக் கொடியேற்றினர். ஒன்பது மணி முதல் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் நடந்தன. பத்தரை மணிக்குத் தொடங்கிய விரிவுரை பகலுணவுவரை நீண்டது. மண்டபத்திலே அறுபது பேர் வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். முடிச்சுகளைப் பற்றிப் பேசப்பட்டது. கயிறு ஒன்றும் கண்ணிற்படவில்லை. பாசறை வாழ்வின் இன்பம் விரித்துரைக்கப்பட்டது. கதவுகள் சாத்தியே கிடந்தன. பிற்பகலில் மீண்டும் இரண்டு விரிவுரைகள் நடந்தன. உரையாற்றியோர் யாவரும் கற்றறிந்தவர்களே. சொன்னவற்றிற் பிழையும் இல்லை. ஆயினும் மாலையிலே வாயிலண்டை ஓர் இளம் ஆசிரியர் மூத்தவர் ஒருவரிடம் மெல்லச் சொன்னது நம் செவியில் விழுந்தது: "அண்ணை, அடுத்த முறை எனக்குத் தோட்டத்திலை வேலை இருக்கும்." மூத்தவர் சிரித்தார். "எனக்கும் இருக்கும், தம்பி" என்றார்.

அவ்விருவரையும் சோம்பேறிகள் என்று சொல்வது நீதியாகாது. வளர்ந்தோர் கல்வி பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மல்கம் நோல்ஸ், 1970இல் வெளியிட்ட நூலொன்றிலே, வயது வந்தோர் கற்கும் விதம் சிறுவர் வகுப்பறையினின்றும் வேறுபடுவதை எடுத்துக்காட்டினார். வளர்ந்தவன் வெறும் பாத்திரமாக வருவதில்லை; அனுபவத்தோடு வருகின்றான். அந்த அனுபவத்துக்கு மதிப்பில்லாத இடத்தை அவன் மனம் நாடுவதில்லை. ஒன்றை எதற்காகக் கற்கின்றோம் என்பது அவனுக்கு விளங்கவேண்டும். பத்தாண்டின் பின் பயன்படும் அறிவை அவன் தேடி வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலே பயன்படும் அறிவையே தேடுகின்றான். தன் கற்றலைத் தானே நடத்திக்கொள்ளவும் விரும்புகின்றான். இவற்றை மனத்திற்கொண்டு திட்டமிடுபவரே தொண்டருடைய ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய விலையைக் கொடுத்தவராவர்.

நாள் குறிக்குமுன்

முதலில் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். 'சாரணீயம் பற்றிய அறிவை வளர்த்தல்' என்பது நோக்கமன்று; அது ஒரு மங்கல வாழ்த்து. 'இந்நாளின் முடிவில் ஒவ்வொரு தலைவரும் அணி முறையிலே ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒன்றைத் தாமே திட்டமிட வல்லவராவர்' என்பதே நோக்கம். மாலையில் அது நிறைவேறியதா இல்லையா என்று கண்ணாற் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பெரு நோக்கமும் இரண்டு சிறு நோக்கமும் போதும்.

அடுத்து, வரப்போகிறவர்களையே கேட்கவேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சிறு கடிதம் அனுப்பலாம். இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் கேட்பதும் எளிது. இரண்டு கேள்விகள் போதும்: உமது துருப்பிலே இப்பொழுது உமக்குள்ள பெருந் தொல்லை யாது? பிறருக்கு நீர் காட்டிக்கொடுக்கக் கூடிய கைவேலை அல்லது விளையாட்டு யாது? முதற் கேள்வியின் விடைகள் நாளின் பொருளைத் தரும். இரண்டாம் கேள்வியின் விடைகள் நாளின் ஆசிரியர்களைத் தரும். தச்சு வேலை தெரிந்தவரும் மீன்பிடிப் படகிலே கயிறு பழகியவரும் தலைவர்களுக்குள்ளேயே இருப்பர். வெளியூர்ப் பேச்சாளரை மோட்டார் வண்டியிலே கொண்டுவருவதற்கு முன் அவர்களைத் தேடிப் பார்ப்பது நன்று.

நாளைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நடக்கும் காலத்தில் யாழ்ப்பாணத்திலே யார் வருவர்? பொதுப் பரீட்சைக் காலத்தில் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையிலே வடக்கிலும் கிழக்கிலும் மழை பெய்யும். அப்பொழுது வெளியிலே நடத்த நினைத்தால் கூரையுள்ள மாற்றிடம் ஒன்றை முன்னரே பார்த்துவைக்கவேண்டும். இடமும் அவ்வாறே. நிழல் தரும் மரங்கள், நல்ல தண்ணீர்க் கிணறு, பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், பஸ் வண்டி நிற்கும் சந்திக்கு நடக்கக்கூடிய தூரம் ஆகிய நான்கும் இருந்தால் மண்டபம் இல்லாவிடினும் குறையில்லை.

தொகையும் துணைவரும்

இருபத்துநான்கு பேர் என்பது ஒரு நாட் பயிற்சிக்கு அழகிய தொகை. அறுவர் கொண்ட நான்கு அணிகளாக அது பிரியும். அணியிலே ஆறு முதல் எட்டுப் பேர் என்பது சிறுவருக்கு வகுத்த அளவு. வளர்ந்தோர்க்கும் அதுவே பொருந்துகின்றது. அதற்கு மேற்பட்டால் இருவர் செய்வர், மற்றையோர் பார்ப்பர். அறுபது பேர் விண்ணப்பித்தால் மூன்று நாளாகப் பிரிப்பதே முறை. ஒரே மண்டபத்திலே அடைப்பது முறையன்று. ஒரே பாடசாலையிலிருந்து வந்த நண்பர்களை வெவ்வேறு அணிகளில் இடவேண்டும். புதியவரும் பழையவரும் ஒவ்வோர் அணியிலும் கலந்திருக்கவேண்டும்.

நடத்துபவர் ஐவர் போதும்: நான்கு தளங்களுக்கு நால்வரும் நேரத்தைக் காக்க ஒருவரும். இந்த ஐந்தாமவர் எதையும் கற்பிக்கலாகாது. மணியும் கடிகாரமும் தேநீரும் அவர் பொறுப்பு. பயிற்சி நாளைக் கெடுப்பன பெரும்பாலும் பெரிய பிழைகள் அல்ல. பத்து நிமிடத் தாமதங்களே. முதல் நிகழ்ச்சி பத்து நிமிடம் பிந்தினால் மாலையிலே ஒரு நிகழ்ச்சி முழுதும் தொலையும். தொலைவது எப்பொழுதும் கடைசி நிகழ்ச்சிதான். அதுவே பெரும்பாலும் முக்கியமான நிகழ்ச்சி.

நாளின் போக்கு

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம். வருவோரைக் கையெழுத்துப் புத்தகத்தோடு வரிசையில் நிறுத்தாமல், வந்தவுடனேயே ஒரு வேலை கொடுக்கவேண்டும். கிம் விளையாட்டு இதற்கு மிக ஏற்றது. றட்யார்ட் கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலிலே, ஒரு சிறுவனுடைய ஞாபக சக்தியை மணிக்கற்களைக் காட்டி மறைத்துச் சோதிக்கும் காட்சி உண்டு. அதையே பேடன் பவல் சாரண விளையாட்டாக்கினார். ஒரு தட்டிலே சாவி, பாக்குவெட்டி, பழைய தபாற்தலை, பனங்கொட்டை, ஊசி என இருபத்துநான்கு பொருள்களை வைத்து ஒரு நிமிடம் காட்டி மூடிவிட வேண்டும். அணியாகச் சேர்ந்து எழுதவேண்டும். ஐந்து நிமிடத்தில் அறிமுகமற்ற அறுவர் ஓர் அணியாகிவிடுவர். வரவேற்புரை ஒரு மணி நேரத்திலே செய்யாததை அந்தத் தட்டு செய்துவிடுகின்றது.

எட்டரை முதல் பத்தரைவரை நான்கு தளங்கள். ஒவ்வொரு தளத்திலும் இருபத்தைந்து நிமிடம். இடம் மாற ஐந்து நிமிடம். அணிகள் சுற்றி வரும். தளத்தை அமைப்பதில் ஒரு விதி உண்டு: வேலை முந்தவேண்டும், விளக்கம் பிந்தவேண்டும். செய்ய முயன்று தடுமாறியவனுக்கே விளக்கத்திற் பசி உண்டாகும்.

முதலாந் தளம் கட்டுமானம். ஒன்பது தடிகளையும் கயிற்றையும் கொடுத்து, ஒருவரைத் தாங்கக்கூடிய முக்கோண மேடை ஒன்றை அமைக்கச் சொல்லலாம். கமுகஞ் சலாகைகள் நம்மூரிலே இலகுவாகக் கிடைக்கும். கட்டு இறுகாவிடின் மேடை தானே அதைச் சொல்லிவிடும். ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாந் தளம் அளவை. ஒரு பனைமரத்தின் உயரத்தை ஏறாமலே அளக்கவேண்டும். ஒரு மீற்றர்க் கோலை வெயிலிலே செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளக்கின்றோம். எண்பது சென்ரிமீற்றர் என்க. அதே வேளையிற் பனையின் நிழல் பதினாறு மீற்றர். எண்பதுக்கு நூறு என்றால் பதினாறுக்கு இருபது. பனை இருபது மீற்றர் உயரம். வகுப்பிலே வடிவொத்த முக்கோணிகளைக் கண்டு அஞ்சும் மாணவன், பனையடியிலே அதே கணக்கைச் சிரித்துக்கொண்டு செய்வான். தலைவர் அதைத் தாம் ஒருமுறை செய்து பார்த்தால்தான் அந்தச் சிரிப்பை நம்புவார்.

மூன்றாந் தளம் முதலுதவி. இங்கே சற்றுத் தரித்து நிற்கவேண்டும். பயிற்சி நாள் என்பது உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. பாம்பு தீண்டினால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டவேண்டும், கீறி நஞ்சை உறிஞ்ச வேண்டும் என்று பழைய முதலுதவி நூல்கள் கற்பித்தன. அவ்வாறு கற்ற தலைவர்கள் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். இவை யாவும் தீங்கு என்பது இன்றைய வைத்தியர் முடிவு. இறுகக் கட்டினால் கை கால் அழுகக்கூடும். கீறினால் குருதி நில்லாது. கடியுண்டவரைத் தேற்றி, அசையாது கிடத்தி, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி, நடக்கவிடாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. புடையனும் நாகமும் விரியனும் உலாவும் நாட்டிலே, பாசறையிற் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒருவர் பழைய பாடத்தோடு நின்றுவிடலாமா? இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முறையும் அவ்வாறே. நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, வளர்ந்தவராயின் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்தவேண்டும் என்று வாயாற் சொல்லலாம். ஆனால் இரண்டு நிமிடம் தாமே அழுத்திப் பார்த்து வியர்த்தவருக்கே, இன்னொருவர் துணையின்றி இது முடியாது என்பது விளங்கும். பழகுவதற்குப் பொம்மையோ இறுகிய தலையணையோ போதும். உயிரோடுள்ளவர் மார்பிலே பழகலாகாது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிய போது முதலுதவி அறிந்த கரங்களின் அருமையை நம் கரையோரங்கள் அறிந்தன.

நான்காந் தளம் விளையாட்டு. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றை ஐந்து நிமிடத்திலே பிறருக்குக் கற்பிக்கவேண்டும். எல்லோருக்கும் முறை வராவிடினும் நால்வருக்கு வரும். கிளித்தட்டை அறியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. ஆனால் இருட்டிலே கேட்டு நடக்கும் விளையாட்டாக, தடம் பற்றிச் செல்லும் விளையாட்டாக அதனை மாற்றும் உபாயம் ஒருவருக்குத் தோன்றும், மற்றையோர் குறித்துக்கொள்வர்.

அடுப்பும் பேச்சும்

தேநீரின் பின் பகலுணவு வேலை. உணவைக் கடையிலிருந்து பொதிகளாக வருவித்தல் எளிது. ஆனால் அதனால் நாளின் மிகச் சிறந்த பாடம் ஒன்று கைநழுவுகின்றது. ஒவ்வோர் அணிக்கும் அரிசி, பருப்பு, தேங்காய், மரக்கறி, விறகு, மூன்று கல் என அளந்து கொடுத்துவிட வேண்டும். சோறும் பருப்பும் சம்பலும் ஒன்றரை மணி நேரத்தில் ஆகிவிடும். யார் விறகு பிளப்பது, யார் தேங்காய் துருவுவது, யார் தண்ணீர் அள்ளுவது என்று அறுவர் தமக்குள்ளே பிரித்துக்கொள்ளும் போது அணி முறை என்பது என்ன என்று யாரும் சொல்லாமலே விளங்குகின்றது. புகை கண்ணிற் பட்டபடி பேசும் பேச்சிலேதான் தலைவர்கள் தம் உண்மையான தொல்லைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். "என் அதிபர் இடந்தர மாட்டார்", "பெரிய பையன்கள் பரீட்சை என்று நின்றுவிடுகிறார்கள்" என்னும் பேச்சுகள் மண்டபத்திலே எழுவதில்லை, அடுப்படியிலே எழும். நடத்துபவர் அவற்றைக் காதிலே வாங்கிக் குறித்துவைத்தால் பிற்பகலுக்குப் பொருள் கிடைத்துவிடும்.

உண்டபின் உறக்கம் வருவது இயற்கை. அந்த வேளையிலே விரிவுரை வைப்பது தூங்குவோரைத் தாலாட்டுவதாகும். மரநிழலிலே அணியணியாக வட்டமிட்டு அமர்ந்து, உண்மையாக நடந்த சிக்கல்களை ஆராயச் செய்யலாம். ஒரு சிறுவன் சந்தாப் பணத்தைக் களவாடினான் என ஐயம், என் செய்வது? ஓர் அணித் தலைவன் தன்னிலும் சிறியோரை அடிக்கின்றான், என் செய்வது? மேற்கோள் நூலிலே விடையில்லாத கேள்விகள் இவை. இருபதாண்டு அனுபவம் உடையவர் ஒருவரும் நேற்று வந்த இளைஞர் ஒருவரும் ஒரே வட்டத்திலே சரிக்குச் சரியாகப் பேசுவதே இங்கே பயிற்சி.

இதனோடு சேர்த்துப் பேசவேண்டிய வேறொன்றும் உண்டு. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி முற்காலத்திலே வெளிப்படையாகப் பேசுவதில்லை. இன்றோ உலகச் சாரண இயக்கம் அதனைத் தலையாய கடமையாக விதித்திருக்கின்றது. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மறைவிடத்திலே தனித்திருக்கலாகாது. பாசறையிலே பொறுப்பான பெரியவர் இருவரேனும் இருத்தல் வேண்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கூடாரத்திலே படுக்கலாகாது. பிள்ளை ஒரு முறைப்பாட்டைச் சொன்னால் அதை அமைதியாகக் கேட்டு, மறைக்காது உரியவரிடம் அறிவிக்கவேண்டும். இவற்றை அரைமணி நேரம் தெளிவாகப் பேசாத பயிற்சி நாள், ஏனையவற்றிற் சிறந்திருந்தாலும், குறையுடையதே. நேர்மையான தலைவருக்கும் இவ்விதிகள் காவலாகும்.

கடைசி அரைமணி

மூன்று மணிக்கு ஒவ்வொரு தலைவரும் தனியே அமர்ந்து, தம் துருப்பின் அடுத்த கூட்டத்துக்கான திட்டத்தை ஒரு தாளிலே எழுதவேண்டும்: தொடக்கம், ஒரு விளையாட்டு, ஒரு கைத்திறன், அணி நேரம், ஒரு கதை, முடிவு. எழுதியதை அணித் தோழர் ஒருவரிடம் காட்டி அவருடைய திருத்தத்தையும் பெறவேண்டும். இந்தத் தாள் வீட்டுக்குப் போகும். நாளின் பயன் அதிலேதான் இருக்கின்றது. நன்றியுரைகள் நீண்டு இந்த அரைமணியை விழுங்கிவிடாமற் காப்பது ஐந்தாமவரின் கடமை. பின் ஒரு சிறு வட்டம் கூடி, எது பயன்பட்டது, எதனை விட்டிருக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்லலாம். நடத்துபவர் அதற்கு மறுமொழி கூறாது கேட்டுக்கொள்ளவேண்டும். நான்கு மணிக்குக் கொடியிறக்கம். நான்கு என்று சொன்னால் நான்கேதான். வீட்டிலே பிள்ளைகள் வழிபார்த்திருப்பர்.

நாள் அத்தோடு முடிந்துவிடவில்லை. கில்வெல் முறையிலே மூன்று படிகள் இருந்தன: கொள்கையைக் கற்றல், பாசறையிற் செய்தல், தம் ஊரிலே தம் பிள்ளைகளோடு நடைமுறைப்படுத்திக் காட்டல். மூன்றாவதும் நிறைவேறிய பின்னரே மரமணிகள் கழுத்தில் ஏறின. ஒரு நாட் பயிற்சிக்கும் இவ்வாறொரு மூன்றாம் படி வேண்டும். ஒரு மாதத்தின் பின் நடத்தியவர்களில் ஒருவர் ஒவ்வொரு தலைவரையும் சென்று காண்பாராக. இயலாவிடின் தொலைபேசியிலே பேசுவாராக. "அன்று எழுதிய திட்டம் எப்படி நடந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். தம்மை ஒருவர் நினைத்திருக்கின்றார் என்னும் உணர்வு, தொண்டு செய்பவருக்குச் சம்பளத்திலும் பெரிது.

வீட்டாருக்கு ஒரு சொல்

இவ்வளவும் தலைவர்களுக்கும் அவர்களை நடத்துவோருக்கும் உரியன. வீட்டிலுள்ளவர்களுக்கு இதிலே பங்கில்லையா? பெரும் பங்கு உண்டு. தம் பிள்ளையின் சாரணத் தலைவர் பயிற்சிக்குச் செல்லும் ஞாயிற்றுக்கிழமையிலே, அவருடைய வீட்டார் அவரை இழந்திருக்கின்றனர். அதனை அறிந்து ஒரு நன்றிச் சொல் கூறும் பெற்றோர் சிலரே. பாசறைக்கு விறகும் தடியும் கொடுப்பதும், சமையற் பாத்திரங்களை இரவல் கொடுப்பதும், தமக்குத் தெரிந்த தச்சையோ வரைபடத்தையோ ஒரு மணி நேரம் வந்து காட்டிக்கொடுப்பதும் பணமில்லாமலே செய்யக்கூடிய உதவிகள். பாடசாலை அதிபர்களும் பயிற்சி நாளுக்குச் செல்லும் ஆசிரியருக்கு அடுத்த நாட் காலையிலே மேலதிக வேலை சுமத்தாதிருந்தால் அதுவும் ஒரு தொண்டே. பள்ளி விட்டுச் செல்லும் மாணவர்கள், சில ஆண்டு கழித்துத் தாமும் உதவித் தலைவராகத் திரும்பி வரலாம் என்று இப்பொழுதே எண்ணிவைக்கலாம்.

பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தோன்றுவதைப் பெரியவர்கள் உழைப்பாகச் செய்யவேண்டியிருக்கின்றது. அந்த உழைப்பிலும் ஒரு விளையாட்டின் இன்பம் இருக்குமாறு அமைத்துக் கொடுப்பவரே நல்ல பயிற்சியாளர். தொண்டர் தம் நேரத்தைத் தருகின்றார். அதனை நாம் வீணாக்காதிருப்போமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்கமைந்தால் இருபத்துநான்கு தலைவர்கள் உற்சாகத்தோடு இருபத்துநான்கு ஊர்களுக்குத் திரும்புவர். அடுத்த வெள்ளிக்கிழமை மாலையிலே அந்த ஊர்களின் மரநிழல்களிலே பிள்ளைகள் காத்திருப்பார்கள்.